காயா முற்றொருமை

ஒரு நாட்டின் கரியமில வாயு உமிழ்வைக் காரணிகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. தமிழில் இதைக் 'காயா சமன்பாடு' என்று எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

காயா என்பது ஆள் பெயர். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த யோயிச்சி காயா 1990-களில் பரவலாக்கிய கணக்கு இது. ஜப்பானிய மொழியில் அப்பெயருக்குக் கூரை வேயும் புல் என்று பொருள். திருமாலின் நிறத்துக்கு உவமையாகும் நம் காயாம்பூவுக்கும் அதற்கும் உறவில்லை.

ஒரு நாடு வெளிவிடும் கரியமில வாயுவை அவர் நான்கு காரணிகளின் பெருக்கமாகப் பிரித்தார்: மக்கள்தொகை, ஆளுக்கு இவ்வளவு என்ற உற்பத்தி மதிப்பு, ஒரு ரூபாய் உற்பத்திக்குச் செலவாகும் ஆற்றல், ஓர் அலகு ஆற்றலுக்கு வெளிவரும் கரியமில வாயு. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறதே, அது மூன்றாவதைக் குறைக்கும் வழி. நிலக்கரியை விட்டுக் காற்றாலைக்குப் போவது நான்காவதை.

நான்கையும் பின்னங்களாகத் தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவதன் கீழே நிற்கும் மக்கள்தொகை முதலாவதோடு அடிபடும். உற்பத்தியும் ஆற்றலும் அப்படியே அடிபட்டுப் போகும். எஞ்சுவது கரியமில வாயு மட்டும். எந்த நாட்டுக்கும் எந்த ஆண்டுக்கும் இது பொய்க்காது. 'ஓர் எண்ணோடு 3 கூட்டினால் 5' என்பது 2-க்கு மட்டுமே பொருந்தும், அது சமன்பாடு. எல்லா மதிப்புக்கும் பொருந்துவதைப் பள்ளிப் பாடநூல்கள் முற்றொருமை என்கின்றன. முற்று + ஒருமை: முழுக்க முழுக்க ஒன்றாக இருப்பது. கையில் இவ்வளவு நல்ல சொல் இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

கடைசி இரண்டு காரணிகளை 'ஆற்றல் செறிவு', 'கார்பன் செறிவு' என்கிறார்கள். செறிவு பழஞ்சொல், குறள் 715-இல் அதற்கு அடக்கம் என்று பொருள். இன்றோ, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 420-க்கு மேல் கரியமில வாயு கலந்திருப்பதையும் செறிவு என்றே சொல்கிறோம். ஒரே சொல் இரண்டு அளவைகளைச் சுமந்தால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார். 'ஆளுக்கு இரண்டு வீதம்' என்று பந்தியில் புழங்கும் சொல்லே போதும்: ஆற்றல் வீதம், கார்பன் வீதம்.

2030-க்குள் 2005-ஆம் ஆண்டு நிலையிலிருந்து 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா 2022-இல் உறுதியளித்தது ஒரு ரூபாய் உற்பத்திக்கான உமிழ்வு வீதத்தைத்தான், அதாவது மூன்றாவது, நான்காவது காரணிகளின் பெருக்கத்தை. மொத்த உமிழ்வை அல்ல. உற்பத்தி நான்கு மடங்காகி, வீதம் சரியாக 45 சதவீதம் இறங்கினால், மொத்த உமிழ்வு 2.2 மடங்காக ஏறியிருக்கும்.