வாய்க்குள் போகும் வண்ணங்கள்

குழந்தை கிரையானைக் கடித்து விழுங்கிவிட்டதென்று பதறியடித்துக்கொண்டு வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். நாக்கு நீலமாக இருக்கும், பல்லிடுக்கில் மெழுகு ஒட்டியிருக்கும். குழந்தைகளுக்கென்று தரச்சான்றோடு வரும் கிரையானில் ஒரு துண்டுதான் என்றால், வாயைக் கழுவித் தண்ணீர் குடிக்கவைத்து அனுப்பிவிடலாம். எனக்குக் கவலை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதைப் பற்றித்தான்.

பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயக் குரோமேட், சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் காட்மியம் என்று நச்சு உலோகங்கள் கொண்ட நிறமிகளைச் சேர்ப்பது பழைய வழக்கம். ஓவியர்கள் வாங்கும் பெயின்ட் டியூப்களில் இன்றும் காட்மியம் உண்டு. தூரிகையை வாயில் வைக்காத பெரியவர்களுக்காகச் செய்தது அது. 'நல்ல கலர்' என்று அதையே ஐந்து வயதுக் குழந்தைக்கு வாங்கித் தருகிறார்கள்!

ஐரோப்பாவின் பொம்மைத் தரநிலையான ஈ.என். 71-3, எவ்வளவு உள்ளே போகும் என்பதை அழகாகக் கணக்குப் போடுகிறது. குழந்தை ஒரு நாளில் திரவத்தில் 400 மில்லிகிராமும், பொடியாக உதிரும் பொருளில் 100 மில்லிகிராமும், சுரண்டினால் மட்டும் வரும் பூச்சில் 8 மில்லிகிராமும் விழுங்கும் என்று வைத்துக்கொண்டே இந்த உலோகங்களுக்கான உச்சவரம்புகளை வகுத்திருக்கிறார்கள். அதனால் திரவ வண்ணங்களுக்குத்தான் கெடுபிடி அதிகம். பென்சிலைக் கடித்தால் ஈயம் ஏறுமா என்றும் கேட்பார்கள். உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும்தான்; பார்க்க வேண்டியது மேல்பூச்சை.

வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த குழந்தை என்றால் இன்னும் கூடும். கால்சியத்தின் இடத்தில் எலும்பில் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் தங்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடக்கத்தில் அறிகுறியே இராது. அப்புறம் வருவதும் வயிற்றுவலி, மலச்சிக்கல், சிடுசிடுப்பு, கவனச்சிதறல் என்று எதற்கும் பொருந்துகிற தொந்தரவுகள்தான். ரத்தப் பரிசோதனை செய்யாமல் கண்டுபிடிக்க வழியில்லை.

நுனியைக் கூராக்கத் தூரிகையை உதட்டில் வைக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். வரையும்போது தின்பண்டம் வேண்டாம். சாக்பீஸ், பேஸ்டல் தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். லேபிள் இல்லாத பெட்டியையும், பரணிலிருந்து எடுத்த பழைய பெயின்ட்டையும் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்து மருத்துவரிடம் போனால் அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன விழுங்கியது என்று ஊகிக்கிற வேலை மிச்சம்.