செறிவு, நீர்த்தல், ஐதாக்கல்

ஒரு கரைசலில் கரைபொருள் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவுதான் செறிவு. ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) கரைபொருள் என்று கணக்கிட்டால் அதற்குப் பெயர் மோலாரிட்டி; அதன் அலகு மோலார். ஒரு லிட்டர் கரைசல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் அல்ல.

செறிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'கான்சன்ட்ரேஷன்' என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது. மையத்தில் ஒன்றுசேர்த்தல் என்பது அதன் பொருள். தமிழில் மையம் எதுவும் வரவில்லை. செறி என்றால் நெருங்கு, திணிந்திரு. பழைய நூல்களில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் இருந்தன. 'செறிவறிந்து சீர்மை பயக்கும்' என்ற குறளில் அது அடக்கம். அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில் அது செய்யுளின் குணங்களில் ஒன்று: 'செறிவெனப் படுவது நெகிழிசை இன்மை'. தளர்வில்லாமல் இறுகி நிற்பது என்ற அந்தக் கருத்து வேதியியலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'அடர் கந்தக அமிலம்' என்றும் எழுதுகிறார்கள். இங்கேதான் மாணவர் குழம்புகிறார். அடர்த்தி என்பது நிறையைப் பருமனால் வகுத்து வரும் வேறொரு அளவு. கடையில் வாங்கும் கந்தக அமிலத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.84 கிராம், செறிவு சுமார் 18 மோலார். இரண்டையும் ஒரே வேர்ச்சொல்லில் கட்டிப்போடுவானேன்? இலங்கைப் பாடநூல்கள் சொல்லும் 'செறிந்த' அமிலமே தெளிவு.

செறிவை வலிமையோடு சேர்த்துக் குழப்புவதும் உண்டு. அசிட்டிக் அமிலம் தண்ணீர் கலக்காத நிலையில் ஏறக்குறைய 17 மோலார் செறிவுள்ளது. ஆனாலும் அது வலிமை குறைந்த அமிலம்தான். நீரில் எவ்வளவு பங்கு அயனியாகப் பிரிகிறது என்பதே வலிமை.

அப்புறம், செறிவைக் குறைப்பதற்கான ஆங்கிலச் சொல் 'டைல்யூஷன்'. லத்தீனில் கழுவிக் கரைத்தல் என்ற பொருளில் பிறந்தது. தமிழ்நாட்டில் நீர்த்தல், இலங்கையில் ஐதாக்கல். நீர்த்தலில் நீர் கண்முன் தெரிகிறது. 'சட்டம் நீர்த்துப்போனது' என்று செய்தித்தாளிலும் புழங்குகிறது. ஆனால் அயோடின் கரைசலில் ஆல்கஹால் சேர்த்துச் செறிவைக் குறைத்தால், அதில் நீர் எங்கே இருக்கிறது? ஐது என்றால் மெல்லியது, நெருக்கமற்றது. எந்தக் கரைப்பானுக்கும் ஒத்துவரும் என்பதால் என் ஓட்டு ஐதாக்கலுக்கு. தமிழ்நாட்டு வகுப்பறையில் நீர்த்தலை மாற்றுவது நடக்காது என்றும் தெரியும்.

எந்தப் பெயரில் செய்தாலும் கரைபொருளின் அளவு மாறாது. குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டதென்று தண்ணீர் விட்டால் உப்பு எங்கும் போய்விடுவதில்லை, பரவுகிறது, அவ்வளவுதான். அதனால் முதல் செறிவை முதல் பருமனால் பெருக்கினால், கடைசிச் செறிவைக் கடைசிப் பருமனால் பெருக்கிய அதே தொகை வரும். 12 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. எடுத்து 1 மோலாராக்க வேண்டுமா? மொத்தப் பருமன் 120 மி.லி. ஆகும்வரை நிரப்ப வேண்டும். 120 மி.லி. தண்ணீரைச் சேர்த்துவிட்டால் கணக்கு தப்பு.

கந்தக அமிலத்தில் கணக்கைவிட வரிசை முக்கியம். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். மாற்றி ஊற்றினால் வெளிப்படும் வெப்பத்தில் மேலே நிற்கும் தண்ணீர் கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும்.