வளைந்த கைப்பிடி: மரத்தை அறுக்கும் முன் வரைய வேண்டியவை

வளைந்த மாடிப்படிக்குக் கைப்பிடி செய்யச் சொல்லி வருபவர்கள் எந்த மரம், என்ன பாலிஷ் என்றுதான் விசாரிக்கிறார்கள். திருப்பத்தை முழு அளவில் வரைந்தாயிற்றா என்று கேட்பவர் அரிது. பின்னாளில் வளைவில் விரிசல் விடுவதும் கையில் மேடு தட்டுவதும் பெரும்பாலும் அந்த வரைபடம் இல்லாத குறைதான்.

தரைப்படத்தில் கால்வட்டமாகத் தெரியும் கைப்பிடி, நேரில் ஏறிக்கொண்டே திரும்புகிறது. பழைய முறையில் கால்வட்டத்தின் இரு முனைகளிலும் தொடுகோடு போட்டு, அவை சந்திக்கும் மூலையை வைத்தே கணக்கு முழுவதும் நடக்கும். மையக்கோட்டின் ஆரம் 300 மி.மீ., அந்தத் திருப்பத்துக்குள் ஏற்றம் 400 மி.மீ. என்று கொள்வோம். ஒவ்வொரு தொடுகோடும் தரையில் 300, உயரத்தில் 200 என்பதால் அதன் மெய்யான நீளம் ஏறத்தாழ 361 மி.மீ. ஆகிறது; கைப்பிடியை அறுத்தெடுக்கும் பலகை இந்த இரு தொடுகோடுகளோடும் படியும்படி சாய்ந்திருப்பதாகக் கொண்டால், தரைப்படத்தின் செங்கோணம் அதன் முகத்தில் 108 பாகையாக விரிய, கால்வட்டம் நீள்வட்டத்தின் துண்டாகிறது. அதை ப்ளைவுட்டில் வெட்டினால், பலகையில் வைத்துக் கோடிழுக்கும் அச்சு தயார். சீராக ஏறும் சுருளுக்கும் இந்தத் தட்டைத் தளத்துக்கும் உயர வேறுபாடு எங்கும் 9 மி.மீ.யைத் தாண்டாது. பலகையின் தடிமனை விழுங்குவது, முனைக்கு முனை பலகையின் சாய்வு மாறுவதால் வரும் முறுக்குதான்.

பலகை கீழ்முனையில் வளைவின் உட்புறம் நோக்கி உயர்ந்தும், மேல்முனையில் உட்புறம் நோக்கித் தாழ்ந்தும் கிடக்கிறது. கைப்பிடியின் பக்கங்களோ எங்கும் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆகவே இரு முனைகளிலும் பக்கக்கோடுகளை, நம் அளவுக்கு 29 பாகை, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சாய்த்துக் குறிக்கிறோம். இரண்டையும் ஒரே பக்கம் சாய்த்துவிட்டால் அந்தத் துண்டு அடுப்புக்குத்தான் ஆகும். குறித்தபின் அச்சை மேல்முகத்தில் ஒரு பக்கமும் அடிமுகத்தில் எதிர்ப்பக்கமும் நகர்த்திக் கோடிழுத்து, முதலில் சதுரமாகவே செதுக்கி எடுக்க வேண்டும். உருட்டுவது அதற்குப் பிறகு.

இந்தக் கால்வட்டத்திலேயே முனைகளில் மரத்தின் நார் சுமார் 36 பாகை குறுக்காக ஓடுகிறது. அரைவட்டத்தை ஒரே பலகையில் எடுக்கச் சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அதை இரண்டு துண்டாகச் செய்வதே பலம். இணைப்பு வெட்டு தொடுகோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். தூக்குக்குண்டு பார்த்து நேராக வெட்டுவது எளிதுதான். ஆனால் இரு துண்டையும் பிணைக்க உள்ளே வைக்கும் போல்ட்டை இறுக்கும்போது அப்படி வெட்டிய முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிவிடும்.