ஒரு சிட்டிகை அயோடினும் ஓர் அரசாணையும்

"அயோடின் இல்லாத உப்பை விற்கக் கூடாது என்று அரசு ஏன் சட்டம் போட வேண்டும்? எனக்கு எந்த உப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2000-இல் மத்திய அரசும் ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லித்தான் அந்தத் தடையை நீக்கியது. அதற்கு முன் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். ஆயுசுக்கும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. ரத்தத்தில் அவ்வளவு அரிதாகத் திரியும் அயோடினைத் தைராய்டு செல்களின் சவ்விலுள்ள ஒரு புரதம் பிடித்து உள்ளே இழுக்கிறது. சோடியம் உள்ளே பாயும் வேகத்தைப் பயன்படுத்தி, ரத்தத்தில் இருப்பதைப்போல் 20 முதல் 40 மடங்கு வரை சேர்த்துவிடும். தைராய்டு சுரக்கும் தைராக்சின் என்ற ஹார்மோனின் மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு அயோடின் அணுக்கள் வேண்டும் என்பதால்தான் இந்தப் பாடு.

தைராக்சின் குறைந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனை அனுப்பும். இன்னும் இழு, இன்னும் வளர் என்பதே அதன் உத்தரவு. பிட்யூட்டரிக்குத் தைராக்சின் அளவு மட்டுமே தெரியும். சாப்பாட்டில் அயோடினே இல்லை என்பது தெரியாது. கிணறு வறண்ட பிறகு பெரிய மோட்டாராக மாற்றிக்கொண்டே போவதுபோல, அது உத்தரவுக்கு மேல் உத்தரவு போடும். சுரப்பியும் வளர்ந்துகொண்டே போகும். முன்கழுத்துக் கழலை என்பது சொன்ன பேச்சைக் கேட்டதால் வந்த வீக்கம்! ஆனால் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாது. கருவின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராக்சினை நம்பித்தான்.

மழையும் பனியும் மண்ணின் அயோடினை அரித்துப்போன இமயமலை அடிவாரத்தில் கழலை சர்வ சாதாரணம். அங்கே காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்புப் பகுதிகளில் கழலை ஏறத்தாழப் பாதியானது. சாதா உப்புப் பகுதியில் அசையவில்லை. 1962-இல் கழலையைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் வந்தது.

சரி, தடையை நீக்கியதும் என்ன ஆனது? 1998-99-இல் நாட்டின் வீடுகளில் பாதியில் போதுமான அயோடின் உப்பு இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது சரிந்தது. 2006 மே மாதம் தடை திரும்ப வந்தது. 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வில் அயோடின் உப்பு இருந்த வீடுகள் 93%. இந்த ஏற்ற இறக்கத்துக்கு மக்களின் விருப்பம் எவ்வளவு காரணம்? மளிகைக்கடையில் எந்த மூட்டை மலிவாக வந்து இறங்கியது என்பதே பெரிய காரணம் என்பேன். இல்லாத அயோடினை நாக்கு கண்டுபிடிக்காது. இந்துப்பில் 84 கனிமம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள், அதில் அயோடின் எவ்வளவு என்று மட்டும் எழுதுவதில்லை.

உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். அயோடைடு ஈரக்காற்றில் சிதைந்து அயோடினாக ஆவியாகிவிடும், அயோடேட் தாக்குப்பிடிக்கும். அப்படியும் வழியில் கொஞ்சம் போகும் என்பதால்தான் ஆலையில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு, வீட்டுக்கு வரும்போது 15 பங்காவது என்று விதி. கணக்கெடுக்க வருபவர் உங்கள் உப்பில் மாவுச்சத்து கலந்த சோதனைக் கரைசலில் ஒரு சொட்டு விடுவார். அயோடின் இருந்தால் நீலமாகும். கடைக் கல் உப்பில் சில சமயம் வெள்ளையாகவே இருக்கும்.