ஐம்பதுதானே என்கிறீர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, என் மருந்துக் கடை ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட இல்லை, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். டிரமடால் என்னும் வலி மாத்திரை, 50 மில்லிகிராம். பத்தில் மூன்று மீதி இருந்தது.

“அம்மா மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இந்த மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார். ஐம்பதுதானே சார் இது? வீட்டில் 650 எல்லாம் போடுகிறோமே?”

அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை நோய், அதனால் சிறுநீரகமும் கொஞ்சம் பழுது. மூட்டுவலி தாங்காமல் இரண்டு இரவு தூங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பைக்கிலிருந்து விழுந்து காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன்; அவனுக்கு எழுதிக் கொடுத்ததில் மீந்த அட்டை இது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் வலி விடவில்லை என்று இன்னொன்று. பிறகு வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரை. விடியற்காலை வாசல் தெளிக்க எழுந்த மருமகளுக்கு மாமியாரின் குறட்டைச் சத்தம் என்னவோ போல இருந்திருக்கிறது. ‘பாவம், இரண்டு நாளாகத் தூங்காதவர், தூங்கட்டும்’ என்று விட்டுவிட்டார். ஏழு மணிக்குக் காபி கொண்டுபோனபோது உதடு கறுத்திருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இந்த ஒரே வருடத்தில் இப்படி என் காதுக்கு வந்தது இது நான்காவது. அதனால்தான் கல்லாவில் உட்கார்ந்தபடியே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘ஐம்பதுதானே’ விஷயத்தை முடித்துவிடுகிறேன். இருபது வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. அட்டையில் உள்ள எண், மாத்திரைக்குள் மருந்து எவ்வளவு எடை இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான். அது வீரியத்தின் அளவு அல்ல. ஒரே மருந்தில் 50, 100 என்று இருந்தால் ஒப்பிடலாம். வேறு வேறு மருந்துகளின் எண்களை ஒப்பிடவே முடியாது. சாம்பாருக்குப் பருப்பு நூறு கிராம் போடுகிறோம், பெருங்காயம் ஒரு சிட்டிகை போடுகிறோம். சிட்டிகைதானே என்று பெருங்காயத்தை இரண்டு பிடி அள்ளிப் போடுவீர்களா? பாராசிட்டமால் 650 மில்லிகிராம். டிரமடால் 50. புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரை 10. வயதானவர்களுக்கு அதிலும் பாதியில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையில் ‘மணிக்கு 25 மைக்ரோகிராம்’ என்று அச்சிட்டிருக்கும். ஒரு மில்லிகிராமை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒன்றுதான் ஒரு மைக்ரோகிராம். எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தப் பட்டியலிலேயே சாதுவானது அந்தப் பட்டைதான். உண்மையில் இத்தனையிலும் மிக எளிதாக ஆளைக் கொல்லக்கூடியது அதுதான்.

இதே கேள்விக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. “கொஞ்சம் பவரான மாத்திரையாகக் கொடுங்கள்.” பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், டிரமடால் எல்லாம் ஒரே ஏணியின் படிகள், பவர்தான் கூடிக்கொண்டே போகிறது என்ற நினைப்பு. அப்படி இல்லை. டிரமடால், டேபென்டடால், கோடீன், மார்பின், ஃபென்டனில் ஆகியவை ஓபியாய்டு என்னும் தனி இனம். அபினியின் சொந்தக்காரர்கள். மூளையில் வேலை செய்கிறவை. வலியை அடக்கும் அதே கை மூச்சையும் அடக்கும். சரியான ஆளுக்குச் சரியான அளவில் கொடுத்தால் அந்தக் கை மென்மையாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அட்டையில் அந்தக் கணக்கு கிடையாது. 25 வயதுப் பையனின் சிறுநீரகத்துக்குப் போட்ட கணக்கை 72 வயது அம்மாவின் உடம்பில் வைத்தால் என்ன ஆகும்?

மூச்சு என்றதும் சொல்லிவிடுகிறேன். ஓபியாய்டு மாத்திரை போடுகிறவர் தொட்டுக் கூப்பிட்டும் எழவில்லை, வழக்கமில்லாத குறட்டையோ தொண்டையில் களகளவென்ற சத்தமோ வருகிறது, மூச்சு நிமிடத்துக்கு எட்டுப் பத்துக்கும் கீழே போய்விட்டது, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கின்றன, கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நல்ல தூக்கம் அல்ல. உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர், கட்டங்காப்பி எதுவும் வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றுவதெல்லாம் நுரையீரலுக்குத்தான் போகும். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் நாலோக்சோன் என்று ஒரு மாற்று ஊசி இருக்கிறது. அதைப் போட்டதும் சிலர் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ‘சரியாகிவிட்டதே’ என்று அப்போதே ஆட்டோ பிடித்துவிடாதீர்கள். ஊசியின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். உள்ளே போன மாத்திரையின் வேலை முடிந்திருக்காது.

தனியாக விழுங்கினால் தாங்கும் அளவுகூடத் துணை சேர்ந்தால் தாங்காது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலம், நரம்பு வலிக்கான கபாபென்டின், பிரீகாபலின், ஏன், சளிக்குப் போடும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகூடத் துணைதான். மது இவற்றுக்கெல்லாம் மூத்தது. நம் ஊரில் சனிக்கிழமை மாலையானால் முள்ளோடையைத் தாண்டி புதுச்சேரிக்குள் போய் வருகிறவர்கள் யார் யார் என்று எனக்கும் தெரியும், டாக்டரிடம் அதைச் சொல்ல மாட்டார்கள் என்பதும் தெரியும். டாக்டரிடம் வேண்டாம், என்னிடமாவது சொல்லுங்கள். நான் உங்கள் வீட்டில் சொல்ல மாட்டேன்.

டிரமடாலுக்கென்று தனியாக ஒரு வம்பு உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பைக் கிளப்பிவிடும். அளவு மீறினால் இல்லாதவர்களுக்கும் வரும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கவே கூடாது, இரண்டும் மோதிக்கொள்ளும். ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் உச்சவரம்பு, 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 300, சிறுநீரகம் பழுதானால் இன்னும் குறைவு. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிரமடாலோ கோடீனோ கொடுக்கவே கூடாது. டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்தே வரும் மாத்திரை நிறைய எழுதப்படுகிறது. அதற்கு மேல் காய்ச்சல் என்று தனியாக 650 போட்டால் ஈரலுக்குப் பாராசிட்டமால் இரட்டைக் கணக்காகப் போகிறது. அட்டையில் எஸ்.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால் அது மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை. விழுங்க முடியவில்லை என்று பொடித்துத் தேனில் குழைத்தால், பன்னிரண்டு மணி நேரத்து மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். விழுங்க முடியாவிட்டால் வந்து சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது.

இங்கே எங்கள் தொழிலின் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு மாத்திரை போதும் என்கிறீர்கள், அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறோம். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் எங்கள் பக்கத்துத் துண்டில் தங்கிவிடுகின்றன. உங்கள் கையில் போவது பெயரில்லாத நாலு வெள்ளை மாத்திரை. ஆறு மாதம் கழித்து அது பிஸ்கட் டப்பாவிலிருந்து ‘வலி மாத்திரை’ என்ற பெயரில் வெளியே வருகிறது. நான் இப்போது கவரின்மேல் பேனாவால் பெயரையும், யாருக்கு என்பதையும் எழுதித் தருகிறேன். எழுதித் தராத கடையில் கேட்டு வாங்குங்கள்.

டாக்டர் சீட்டைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. “பத்து வருடமாக வருகிறேன், என்மேல் நம்பிக்கை இல்லையா?” அண்ணே, நம்பிக்கைப் பிரச்சினை இல்லை. டிரமடாலும் கோடீனும், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் அந்த அட்டவணை மருந்தை விற்றால் எழுதிய டாக்டர், வாங்கியவர், எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். வாரம் தவறாமல் பேப்பரில் ‘போதை மாத்திரை விற்றவர்கள் கைது’ என்று வருகிறதே, அதில் பெரும்பாலும் இந்த இனத்து மாத்திரைகள்தான். அந்தப் பயத்திலேயே சில கடைகள் வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டன. கடைசியில் அலைகிறவர் யார்? முறையான சீட்டோடு வரும் முதுகெலும்பு நோயாளி.

பட்டைக்கு வருகிறேன். ஃபென்டனில் பட்டையைச் சுளுக்குப் பிளாஸ்டர் என்று நினைத்து வலிக்கிற இடத்தில் ஒட்டி, அதன்மேல் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். சூடு பட்டால் மருந்து பாய்ந்து உள்ளே போகும். ஒத்தடம், வெந்நீர்க் குளியல், உச்சிவெயில், கடும் காய்ச்சல் எல்லாமே சூடுதான். வலிக்கிற இடத்தில் ஒட்ட வேண்டியதில்லை. மார்பிலோ மேற்கையிலோ, சொன்ன இடத்தில் ஒட்டுங்கள். ஒரு பட்டை மூன்று நாளைக்கு. புதியதை ஒட்டுமுன் பழையதை எடுங்கள். எடுத்ததிலும் மருந்து மிச்சம் இருக்கும், தவழும் குழந்தை கையில் கிடைத்தால் அதுவே போதும். பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்துவிடுங்கள்.

மீந்த மாத்திரைகளை வாங்கிய ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுப்பது நல்லது. முடியாதபோது, டிரமடால், டேபென்டடால், மார்பின், ஃபென்டனில் போன்றவற்றைக் குப்பையில் போடாமல் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டுவிடச் சொல்லி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. மற்ற மாத்திரைகளை இப்படிக் கொட்ட வேண்டாம்.

இவ்வளவு படித்துவிட்டு, வீட்டில் புற்றுநோயாளிக்கு எழுதிக் கொடுத்த மார்பினை நிறுத்திவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இந்தப் பயமும் எனக்குப் பழக்கம்தான். ‘மார்பின் எழுதிவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது’, ‘பழகிவிட்டால் அடிமையாகிவிடுவார்’. மார்பின் எழுதுவது வலி கடுமையாக இருப்பதால். நாள் எண்ணுவதற்காக அல்ல. சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் போட்டு மாதக்கணக்கில் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண மார்பின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும், அதனால்தான் கடிகாரம் பார்த்துப் போடச் சொல்கிறார்கள். வலி வந்தபிறகு போட்டுக்கொள்கிறேன் என்று காத்திருந்தால் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதல் சில நாள் குமட்டும், தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது; வாழைப்பழமும் இசப்கோலும் அதற்குப் போதாது, கூடவே எழுதிய மலமிளக்கியை விடாமல் கொடுங்கள். பல நாள் சாப்பிட்டபின் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நடுங்கும், வியர்க்கும், வயிறு போகும். அது உடம்பின் பழக்கம், போதை அடிமைத்தனம் அல்ல. டாக்டர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

சென்ற ஆடியில் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா மஞ்சள் பை நிறைய மாத்திரையோடு கடைக்கு வந்தார். கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருந்தவர். “திருப்பி எடுத்துக்கொள்வாயா தம்பி?” என்றார். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன்: இது வாந்திக்கு, இது வயிற்றுப் புண்ணுக்கு. அடியில் காகிதக் கவரில் மார்பின். அதை எடுத்ததும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், என் முட்டிக்கு ஆகும்.” ஆகாது அம்மா என்று சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது.

பிறகு எண்ணிப் பார்த்தேன். கவரின்மேல் பத்து நாளைக்கு அறுபது என்று எழுதியிருந்தது. உள்ளே ஐம்பத்திரண்டு இருந்தன. “ரொம்பக் கத்தினால் மட்டும் ஒன்று கொடுப்பேன் தம்பி,” என்றார். “அடிமையாகிவிடுவார் என்று சொன்னார்களே.”