வெந்நீர் கொண்டுவந்த ஈயம்: ஸ்னெயில்பீச் சுரங்கத்தோட கதை

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது, இதெல்லாம் வெள்ளீயம். நான் பேசப்போறது காரீயம், பேட்டரிக்குள்ள இருக்குறது, மீன்வலையில குண்டா கட்டுறது, சாப்பாட்டுப் பக்கமே வரக்கூடாதது. அதுகூடவே மண்ணுக்குள்ள ஒட்டிக்கிட்டே வர்ற இன்னொண்ணு துத்தநாகம். இந்த ரெண்டும் ஏன் எப்பவும் ஜோடியா கிடைக்குதுன்னு புரிஞ்சுக்க எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இங்கிலாந்துல, வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்துல ஷ்ராப்ஷைர்ல இருக்குற ஸ்னெயில்பீச். சின்ன கிராமம், மலைச்சரிவுல பழைய கல்கட்டடங்க, உயரமா ஒரு புகைபோக்கி. அந்தப் பக்கத்துல 1796ல ஒரு ஈயப்பாளம் கிடைச்சுது, மேல ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பேரு பொறிச்சிருக்கு, அப்படின்னா கி.பி. 2ஆம் நூற்றாண்டுலயே அங்க தோண்டியிருக்காங்க.

சுமார் 47, 48 கோடி வருஷத்துக்கு முன்னாடி அந்த இடம் கடல். மொதல்ல மணல் படிஞ்சு இறுகி குவார்ட்சைட் ஆச்சு, அதுதான் இப்ப ஸ்டைப்பர்ஸ்டோன்ஸ்ங்கற மலையோட முதுகெலும்பு. அதுக்கு மேல மிட்டன்ங்கற கெட்டியான பாறை, அதுக்கும் மேல ஹோப் ஷேல்ங்கற மெத்துன்னு களிமண் பாறை. பின்னால பூமி அசைஞ்சு நெரிக்கும்போது இந்த ரெண்டும் வேற வேற மாதிரி நடந்துக்கிச்சு, அங்கதான் சூட்சுமமே இருக்கு. கெட்டிப் பாறை ஓடு மாதிரி, விரிசல் விட்டா வாயைப் பொளந்துக்கிட்டே நிக்கும். ஷேல் பிசைஞ்ச மாவு மாதிரி, கீறினாலும் தானா மூடிக்கும். ஆழத்துலருந்து உப்புக்கரைசலா வெந்நீர் விரிசல் வழியா மேல ஏறுச்சு, ஷேல் வரைக்கும் வந்து முட்டிக்கிட்டு நின்னுபோச்சு, பானைக்கு மூடி போட்ட மாதிரி.

வெறும் தண்ணி ஈயத்தைத் தூக்கிட்டு வராது. உப்புல இருக்குற குளோரின்தான் ஈயத்தையும் துத்தநாகத்தையும் பிடிச்சுக்கிட்டு கரைசலாவே வெச்சிருக்கும், ரெண்டையும் ஒரே தண்ணி சுமந்துட்டு வர்றதாலதான் ரெண்டும் ஒரே இடத்துல கிடைக்குது. மேல வந்து சூடு குறைஞ்சு, கந்தகத்தையும் சந்திச்சா பிடி விட்டுடும், ஈயம் கலீனாவா, துத்தநாகம் ஸ்பாலரைட்டா விரிசல் சுவத்துல படியும். உப்புத்தண்ணி ஊர்ல வெந்நீர் போடுற பாத்திரத்துல உள்பக்கம் வெள்ளையா ஏடு ஏடா படியுதுல்ல, அதே வேலை, ஆனா எத்தனையோ காலமா நடந்தது. கூடவே கால்சைட்ங்கற சுண்ணாம்புக் கல்லும், பாரைட்ங்கற கனமான கல்லும் படிஞ்சு விரிசல் நெறஞ்சுபோச்சு. சுரங்கக்காரங்க தேடுனது இந்த நெறஞ்ச விரிசலைத்தான், மிட்டன் பாறைக்குள்ள இருக்குற வரைக்கும் தாது, ஷேலைத் தொட்டா ஒண்ணுமில்ல.

வெட்டி எடுத்ததைப் பிரிக்கிறதுக்கும் தண்ணிதான். எங்க பாட்டி அரிசி அரிக்கும்போது பாத்திரத்தை ஒரு மாதிரி ஆட்டி ஆட்டி, அரிசியை மேல தள்ளிட்டு கல்லை அடியில நிக்க வைப்பாங்க. அங்கயும் அதேதான், நொறுக்குன கல்லை சல்லடையில போட்டு தண்ணிக்குள்ள குலுக்குவாங்க, கலீனா தண்ணியைவிட 7.5 மடங்கு கனம் அதனால அடியில போயிடும், கால்சைட் 2.7தான், மேல நிக்கும். ஸ்பாலரைட் 4, பாரைட் 4.5, ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்குறதால அதுங்களைப் பிரிக்கிறது பெரும்பாடு. ஒதுக்கின கால்சைட் வெள்ளை மலையா ஊருக்குப் பக்கத்துலயே குவிஞ்சுது.

துத்தநாகத்தை ரொம்ப நாள் அங்க யாரும் மதிக்கல. ஈயம் 327 டிகிரியில உருகும், விறகு அடுப்புலகூட முடியும். துத்தநாகம் அப்படியில்ல, தாதுவை உலோகமா மாத்தவே கிட்டத்தட்ட 1000 டிகிரி வேணும், ஆனா அது 907லயே கொதிச்சு ஆவியாயிடும், காத்து பட்டா திரும்ப எரிஞ்சு வெள்ளைப் பொடியாயிடும். ராஜஸ்தான்ல ஜாவர்ல மண் குடுவையைத் தலைகீழா கவுத்து, ஆவியைக் கீழ இறக்கி குளிரவெச்சு பல நூற்றாண்டுக்கு முன்னாடியே இதை ஜெயிச்சுட்டாங்க, இங்கிலாந்துல வில்லியம் சாம்பியன் பேட்டன்ட் வாங்குனது 1738லதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஜாவர்க்காரங்க மேல பெரிய மரியாதை வரும்.

ஸ்னெயில்பீச்ல 19ஆம் நூற்றாண்டுதான் உச்சம். ஆழம் போகப்போக ஊத்து தண்ணி, அதனால 1850கள்ல மலைமேல பெரிய நீராவி பம்ப் வெச்சாங்க, வேலை கடைசியில 500 மீட்டர் ஆழம் வரைக்கும் போச்சு. ஸ்மெல்ட்டர், அதாவது தாதுவை உருக்குற உலை, அதோட புகையில ஈயமும் போயிடும்னு மலைச்சரிவு மேல நீளமா புகைக்குழாய் கட்டி, உள்ள படிஞ்ச ஈயக்கரியை ஆள் நுழைஞ்சு சுரண்டி எடுத்தாங்க, அந்த விஷத்துக்கு நடுவுல. 1895 மார்ச் 6ஆம் தேதி காலையில ஜார்ஜஸ் ஷாஃப்ட்ங்கற சுரங்கக் குழியில, ஆளுங்களை இறக்குற கூண்டு கீழ போகும்போது கயிறு அறுந்து 7 பேர் செத்துப்போனாங்க. காலையில வேலைக்குன்னு வீட்டை விட்டுக் கிளம்பினவங்க.

அதுக்கு முன்னாடியே வெளிநாட்டு ஈயம் மலிவா வந்து விலை விழுந்திருந்துச்சு, 1911ல பம்பை நிறுத்திட்டாங்க. பம்ப் நின்னா தண்ணி நிக்காதே, கீழருந்து ஏறி ஏறி, பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு வெட்டியிருந்த வடிகால் சுரங்கப்பாதையோட மட்டம் வரைக்கும், அதாவது தரையிலருந்து 100 மீட்டர் கீழ வரைக்கும் எல்லாத்தையும் மூழ்கடிச்சுது. மேல நனையாத மட்டங்கள்ல பாரைட் மட்டும் 1955 வரைக்கும் எடுத்தாங்க.

அந்தத் தண்ணி இன்னும் வெளிய வடிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. பாக்க தெளிவா இருக்கும், கால்சைட் நிறைய இருக்குறதால புளிப்பும் ஏறாது. அந்த மாதிரி தண்ணியில ஈயம் அவ்வளவா கரையாது, துத்தநாகம் கரையும். ஒரு காலத்துல வேண்டாம்னு சுவத்துலயே விட்டுட்டுப் போன துத்தநாகம், இப்ப ஓடைத் தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா கிளம்பிப் போயிட்டிருக்கு.