டோங்கா: சுவரின் பெயரால் அழைக்கப்படும் பள்ளம்

மழைநீர் மண்ணை அறுத்து உண்டாக்கிய, பக்கங்கள் செங்குத்தாக நிற்கிற, ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கிற பள்ளத்தைத் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘டோங்கா’ என்பார்கள். ஜூலு, கோசா மொழிகளின் ‘உடோங்கா’ என்ற சொல்லிலிருந்து அது ஆங்கிலத்துக்குச் சென்றது. அம்மொழிகளில் அச்சொல்லுக்குச் சுவர் என்றும் பொருள் உண்டு. வீட்டின் சுவரும் உடோங்காதான், நீர் அறுத்து நிறுத்திய செங்குத்துக் கரையும் உடோங்காதான். மடகாஸ்கரில் இதை ஒத்த மண்ணரிப்புக் குழிகளுக்கு ‘லவாகா’ என்று பெயர். மலகாசி மொழியில் அதற்குத் துளை என்று பொருள். மலகாசி மக்கள், காணாமற்போன மண்ணைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்; ஜூலு, கோசா மக்கள், எஞ்சி நிற்கும் மண்ணைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். இரண்டாவது பார்வையே இந்தப் பள்ளம் உருவாகி வளரும் விதத்தை நன்றாக விளக்குகிறது என்பது என் எண்ணம்.

எல்லாப் பள்ளமும் டோங்கா ஆகிவிடாது. பாறையைப் பிளந்து செல்லும் இடுக்குக்கு அங்கே ‘குளூஃப்’ என்றும், சிற்றோடைக்கு ‘ஸ்ப்ரூயிட்’ என்றும் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியிலிருந்து வந்த வேறு சொற்கள் வழங்குகின்றன. டோங்கா மண்ணில் வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதே எழுத்துக்கூட்டல் கொண்ட சொல், சுரங்கத் தொழிலாளர்கள் தங்கும், தூக்கி வைக்கக்கூடிய சிறு கொட்டகையைக் குறிக்கும். அந்நாட்டின் நல்லார்பர் சமவெளியிலோ அது சுண்ணாம்புப் பாறைநிலத்தில் காணப்படும் ஆழமில்லாத தாழ்வுக்குப் பெயர். ஆங்கிலேயப் படைகளின் போர்க் குறிப்புகளிலும் டோங்கா அடிக்கடி வரும். 1879 ஜனவரி 22 அன்று ஜூலுக்களுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த இசாண்டில்வானா போரில், ஆங்கிலேயத் தரப்பின் கர்னல் டர்ன்ஃபோர்டின் குதிரைவீரர்கள் இத்தகைய வறண்ட பள்ளம் ஒன்றில் இறங்கி நின்று, அதன் கரையையே அரணாகக் கொண்டு, தோட்டாக்கள் குறையும்வரை ஜூலு படையைத் தடுத்தார்கள்.

ஒரு மனிதனை மறைக்கும் அளவுக்கு மண் எப்படிச் செங்குத்தாக நிற்கிறது, அப்படி நிற்கும் மண் ஏன் மழைக்குப் பின் பாளம் பாளமாக விழுகிறது என்பதுதான் இதன் மையக் கேள்வி. தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சிறு நாடான லெசோத்தோவின் தாழ்நிலங்களிலும், தென்னாப்பிரிக்க மாகாணமான குவாஜூலு-நட்டாலின் மலைச்சரிவுகளிலும் பல இடங்களில் மண் இரண்டு அடுக்காக இருக்கிறது: மேலே நீரை எளிதில் உள்வாங்கும் மணற்பாங்கான அடுக்கு, அதன்கீழ் நீரை எளிதில் விடாத இறுகிய களிமண். மேலடுக்கில் இறங்கிய மழைநீர் களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியின்றிச் சரிவை நோக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது. அந்தக் களிமண்ணில் சோடியம் மிகுந்திருந்தால் சிக்கல் தொடங்குகிறது. களிமண் துகள்கள் எதிர்மின்சுமை உடையவை. இரட்டை நேர்மின்சுமை கொண்ட கால்சியம் அயனிகள் அவற்றை நெருக்கிப் பிடித்து வைக்கும். ஒற்றை மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளோ தம்மைச் சுற்றி நீரைத் தடிப்பாகச் சேர்த்துக்கொள்வதால் துகள்கள் விலகி, ஒன்றையொன்று தள்ளுகின்றன. காய்ந்திருக்கும்போது கல்போல் இறுகி நிற்கும் அதே களிமண், உப்பில்லாத மழைநீர் பட்டதும் பால்போலக் கலங்கிக் கரைவது இதனால்தான்.

இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் மெல்ல இட்டு, அசைக்காமல் விட்டுவிட வேண்டும். கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாகவே இருந்தால் அச்சம் குறைவு. கட்டியைச் சுற்றிப் புகைபோல ஒரு கலங்கல் பரவினால், அது தானாகவே கரையும் மண்.

இப்படிக் கரைந்த களிமண்ணை, நிலத்தடியில் நகரும் நீர் வெடிப்புகள் வழியாகவும் வேர் மக்கிய துளைகள் வழியாகவும் வெளியே கொண்டுசெல்கிறது. துளை பெருத்துச் சுரங்கமாகிறது. மேலே புல் பசுமையாக இருக்கும்போதே அடியில் வெற்றிடம் வளர்ந்து, ஒரு நாள் கூரை இடிந்து விழுந்து, அங்கே ஒரு டோங்கா திறந்துகொள்கிறது. பிறகு பள்ளத்தின் தலைப்பகுதியில் சிறு அருவிபோல விழும் நீர் சுவரின் அடியைக் குடைகிறது. அடி போனபின் மேற்பகுதி தன் எடையாலேயே விழ, சுவர் பின்னோக்கி நகர்ந்து, விழுந்த இடத்தில் மறுபடியும் செங்குத்தாக நிற்கிறது. நீர் கீழ்நோக்கி ஓட, பள்ளமோ மேல்நோக்கி வளர்கிறது. உழுதால் மறைந்துவிடும் சிறு நீர்க்கீற்றுக்கும் டோங்காவுக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இதுவே. ஏர் தொட முடியாத ஆழத்தில் இதன் வேலை நடக்கிறது.

பழியை மேய்ச்சல் மாடுகள்மேல் மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. மாட்டுத்தடங்களும் வண்டிப்பாதைகளும் நீரை ஒரே கோட்டில் சேர்த்துப் பல டோங்காக்களைத் தொடக்கிவைத்தது உண்மைதான். ஆனால் லெசோத்தோவில் ஆங்கிலேய ஆட்சி 1930-களில் மண்ணைக் காப்பதற்கென்றே போட்ட வரப்புகளும் வடிகால்களும்கூடச் சில இடங்களில், பரவி ஓடிய நீரை ஒன்றுதிரட்டிப் புதிய பள்ளங்களை வெட்டின. இந்த வேலைகளுக்கு உழவர்கள் காட்டிய எதிர்ப்பை அன்றைய அதிகாரிகள் அறியாமை என்று தள்ளியிருக்கக் கூடாது. மனிதர் கைபடாத காலத்திலும் இப்பள்ளங்கள் இருந்திருக்கின்றன. குவாஜூலு-நட்டாலின் டோங்காச் சுவர்களில், ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்த பழைய நிலப்பரப்புகள் கருத்த பட்டைகளாகத் தெரிகின்றன. வெட்டுப்படுவதும் தூர்ந்துபோவதும் பல்லாயிரம் ஆண்டுகளில் மாறி மாறி நடந்ததை அவை காட்டுகின்றன.

பள்ளத்தைச் சீராக்குபவர்கள் முதலில் அதன் தலைப்பகுதிக்கு மேலே நீரைப் பரப்பிவிட்டோ திருப்பிவிட்டோ வேகத்தைத் தணிக்கிறார்கள். அடித்தளத்தில் குறுக்கே அடுக்கிய கற்களும் கம்பிவலைக் கல்கூடைகளும் வண்டலைப் பிடித்துத் தரையை உயர்த்துகின்றன. சோடியம் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் இடுவார்கள். அதிலுள்ள கால்சியம், சோடியம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளத் துகள்கள் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. செங்குத்துச் சுவரைச் சரிவாக வெட்டிவிட்ட பிறகே புல் நடுகிறார்கள், ஏனென்றால் நிமிர்ந்து நிற்கும் அந்தச் சுவரில் விதை தங்காது.